தேர்வு அறையில் கிடைப்பது வகுப்பறையிலும் கிடைக்கட்டும்: கல்லூரி முதல்வர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளின் முதல்வர்களுக்கு வணக்கம்.

நான் ஒரு சிறப்பாசிரியர். ஆட்டிசம், டிஸ்லெக்சியா (வாசிப்பில் தடுமாற வைக்கும் கற்றல் குறைபாடு), ஏ.டி.எச்.டி. (கவனம் சிதறுதல், மிகைத் துறுதுறுப்பு) உள்ள பிள்ளைகளைப் பிளஸ் டூ எழுத வைத்து உங்களிடம் அனுப்புகிறவர்களில் ஒருத்தி. இந்த ஆண்டும் அனுப்பப்போகிறேன். அதற்குமுன் கொஞ்சம் பேசிவிடலாம்.

செமஸ்டர் தேர்வைப் பற்றி எனக்குப் பெரிய குறை இல்லை. மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் என்று மத்திய அரசின் 2018 வழிகாட்டுதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். அதுவும் லேசில் நிலைக்கவில்லை. 2021 நீட் தேர்வில் டிஸ்கிராஃபியா (கையால் எழுதுவதில் சிரமம்) உள்ள மாணவி ஒருவருக்கு, மூன்று மணி நேரத் தேர்வுக்குச் சேர வேண்டிய அந்த ஒரு மணி நேரக் கூடுதல் மறுக்கப்பட்டு, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது.

பிள்ளைகள் சறுக்குவது வேறு இடத்தில். என் மாணவன் ஒருவன் பி.காம். சேர்ந்தான். கணக்கில் புலி. வகுப்பறை மாறிய செய்தியை முந்தின நாள் இரவு வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். நூறு மெசேஜுக்கு நடுவே அது அவன் கண்ணில் படவில்லை. பழைய அறையிலேயே மணி அடிக்கும்வரை உட்கார்ந்திருந்தான். ஆப்சென்ட். இப்படியே வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போனதும், அப்பாவை வரவழைத்து, "பொறுப்பே இல்லாத பையன்" என்றார்கள். செமினாரில் நாற்பது பேர் முன்னால் வாய் திறக்காததால் இன்டர்னல் மார்க்கும் போயிற்று.

இன்டர்னலுக்கெல்லாம் சலுகை தர விதியில் இடமில்லை என்கிறார்கள் துறைத் தலைவர்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 16-ஆவது பிரிவைப் படிக்கச் சொல்லுங்கள். அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிறுவனங்கள் அந்தந்த மாணவரின் தேவைக்கேற்ற வசதியைச் செய்து தருவதைப் பற்றி அது பேசுகிறது. தேர்வு நாளுக்கு மட்டும் என்று அதில் எங்கும் இல்லை. அந்தச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் உண்டு. ஏ.டி.எச்.டி. தனியாக இல்லை, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இல்லாத அந்தப் பிள்ளைக்கு உங்கள் மனசுதான் விதி.

நான் கேட்பதில் செலவு ஒன்றும் இல்லை. கல்லூரி திறப்பதற்கு முந்தின வாரம், ஆளில்லாத வளாகத்தை அந்தப் பிள்ளை ஒருமுறை சுற்றிப் பார்க்கட்டும். டெஸ்ட் தேதியை ஒரு வாரம் முன்பே எழுத்தில் கொடுங்கள். செமினாரை ஆசிரியர் ஒருவர் முன்னால் மட்டும் எடுக்க விடுங்கள். கல்ச்சுரல்ஸ் நாளில் ஸ்பீக்கர் சத்தத்திலிருந்து ஒதுங்க நூலகத்தில் ஒரு மூலை கொடுங்கள் (அந்தச் சத்தத்தை நானே தாங்கமாட்டேன், அது வேறு கதை). எல்லாவற்றுக்கும் மேலாக, பிரச்சினை என்றால் போய் நிற்க ஒரே ஒரு ஆசிரியரைக் காட்டுங்கள். ஐந்து பேரிடம் ஐந்து முறை தன் குறையைச் சொல்ல எந்தப் பதினேழு வயதுப் பிள்ளையும் விரும்பாது. வகுப்பில் எழுப்பி நிறுத்தி அறிமுகம் செய்துவைப்பது வேண்டவே வேண்டாம்.

எங்கள் பங்கையும் செய்கிறோம். தனியாகப் பஸ் ஏறுவது, விண்ணப்பத்தைத் தானே நிரப்புவது, "சார், எனக்குப் புரியவில்லை, எழுதிக் காட்டுங்கள்" என்று கேட்பது எல்லாம் பிளஸ் ஒன்னிலேயே பழக்குகிறோம். எது உதவும், எது பதற்றமாக்கும் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கக் குறிப்பு, பிள்ளையின் சம்மதத்தோடு, தயாராக இருக்கிறது.

அதை யாரிடம் கொடுப்பது என்று சேர்க்கை முடிவதற்குள் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு சிறப்பாசிரியர்