பிப்ரவரியில் அனுப்பு, பாப்பா

சுங்கை சிப்புட், மலேசியா

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

நானும் அப்பாவும் நலம். அப்பாவின் முட்டிவலிக்கு ஈப்போவில் மாற்றிக் கொடுத்த மருந்து நன்றாகக் கேட்கிறது. நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று நம்புகிறேன்.

சிங்கப்பூரில் உன் கம்பெனிக்காரர்கள் உணவுப்பொருள் திரட்டித் தீபாவளிக்கு முன்னால் ஒரு லாரி நிறைய நம் ஊருக்கு அனுப்பப்போவதாக எழுதியிருந்தாய். ஊரை மறக்காமல் அவர்களிடம் பேச்செடுத்தவள் நீதான் என்று அறிந்தபோது மனம் நிறைந்துவிட்டது. நாற்பது குடும்பங்களின் பெயர், அடையாள அட்டை எண், முகவரி, ஆளுக்கொரு படம் எல்லாம் வாங்கி அனுப்பச் சொல்லியிருக்கிறாய். பட்டியலை நான் அனுப்பப்போவதில்லை, கண்ணு. படமும் வராது. லாரியையும் தீபாவளிக்கு அனுப்பவேண்டாம். கோபம் கொள்ளாமல் கடைசிவரை படி.

காலத்திலிருந்து தொடங்குகிறேன். நம்மைச் சுற்றி இப்போது ரப்பர் பால்மரத்தைவிடச் செம்பனைதான் அதிகம். ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை செம்பனை நன்றாகக் காய்க்கும். குலை வெட்டுகிறவர்கள், உதிர்ந்த பழம் பொறுக்குகிறவர்கள், லாரி ஓட்டுகிறவர்கள் எல்லார் கையிலும் அப்போதுதான் நாலு காசு புரளும். தீபாவளி அந்தக் காலத்தை ஒட்டியே வருகிறது. பிறகு ஆண்டிறுதி மழை. பால்மரத்தின் பட்டை நனைந்திருந்தால் கத்தி வைக்க முடியாது. மழை பெய்த காலை, பால் வெட்டுகிறவருக்குக் கூலியில்லாத காலை. அதே சமயம் நீண்ட பள்ளி விடுமுறை. ஆரம்பப்பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்குத் துணை உணவுத் திட்டத்தில் கிடைக்கும் சாப்பாடு விடுமுறையில் கிடையாது. ஜனவரியில் பள்ளிக் காலணி, புத்தகப்பை, வேன் கட்டணம். பிப்ரவரியில் செம்பனைக் காய்ப்பு ஆண்டிலேயே மிகக் குறைந்துபோகும். மிச்சமிருக்கும் பால்மரமும் அந்த மாதங்களில்தான் இலையுதிர்த்து நிற்கும், பால் சுருங்கிவிடும். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையை நான் நடத்திய காலத்தில், விடுமுறை முடிந்து வரும் பிள்ளைகள் முதல் நாள் தட்டை வழித்துச் சாப்பிடுகிற வேகத்தைப் பார்த்தே எந்த வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்று எனக்குத் தெரிந்துவிடும்.

தீபாவளிக்குக் கொடுக்க நிறையப் பேர் இருக்கிறார்கள். கட்சிக்காரர், சங்கத்தார், கடைக்காரர், ஈப்போவிலிருந்து வரும் இளைஞர் குழு என்று ஒரே வீட்டுக்கு மூன்று கூடை வந்துவிடுகிறது. மூன்றிலும் முறுக்கு மாவு, பிஸ்கட் டின், இனிப்புப் பானம். பண்டிகைக்குப் பிள்ளைகள் முகம் மலரவேண்டும், அதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. ஆனால் பொங்கல் முடிந்தபிறகு இல்லாதவர்களுக்காக நாங்கள் நடத்தும் இலவச உணவு அலமாரியில் அரிசி தீர்ந்து, வந்தவர்களிடம் அடுத்த வாரம் வாருங்கள் என்று சொல்லி அனுப்பவேண்டிய நிலை வருகிறது. அதைச் சொல்ல என் நாக்கு எழுவதில்லை. உன் கம்பெனியின் உதவி அந்த மாதங்களுக்குத்தான் வேண்டும்.

அடுத்து, பட்டியல். கொடுத்த பொருள் எங்கே போயிற்று என்று அவர்கள் கேட்பது நியாயம். கணக்கு நான் தருகிறேன். கடை ரசீது, எத்தனை வீட்டுக்கு எவ்வளவு அரிசி, எவ்வளவு பருப்பு, கையிருப்பு என்ன என்று மாதம் தவறாமல் எழுதி அனுப்புகிறேன். பெயர் மட்டும் கேட்காதே. எங்களிடம் வருகிறவர்களில் சிலர் சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள், அதாவது இங்கே நிரந்தரமாகத் தங்கலாம், குடியுரிமை இல்லை. சிலரிடம் எந்த அட்டையும் இல்லை. தோட்டத்தில் பிறந்து, பிறப்பைப் பதியாமலே வளர்ந்தவர்களின் பிள்ளைகள். அரசாங்கம் இப்போது சாரா என்னும் அடிப்படைப் பொருள் உதவியை மைகார்ட் என்ற குடிமக்கள் அடையாள அட்டை வழியாகக் கொடுக்கிறது. 2025 ஆகஸ்டு 31 முதல் 18 வயது நிறைந்த குடிமக்கள் அனைவருக்கும் 100 வெள்ளியை (ரிங்கிட்) ஒரு தடவை அட்டையில் போட்டார்கள். வருமானம் குறைந்தவர்கள் என்று பதிவில் இருப்பவர்களுக்கு அதற்கு முன்பிருந்தே மாதந்தோறும் கிடைத்துவருகிறது. கடையில் அட்டையை நீட்டி அரிசியும் எண்ணெயும் வாங்கிக்கொள்ளலாம்; பேருதவி அது. ஆனால் குடியுரிமை இல்லாதவருக்கு அந்தக் கதவு திறக்காது. ஆயுள் முழுவதும் இந்த மண்ணில் பால் வெட்டியும் இன்னும் சிவப்பு அட்டையோடு இருக்கும் பாட்டிகளை உனக்கே தெரியும். அவர்களிடம் எடுத்த எடுப்பில் அட்டை எண்ணைக் கேட்டால் மறுபடி வரமாட்டார்கள்.

படம் கேட்பதுதான் எனக்கு மிகவும் வலிக்கிறது. முன்பு ஒரு குழுவினர் கூடை கொடுத்துவிட்டு, கூடையைப் பிடித்தபடி நின்ற ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவனின் படத்தை முகநூலில் போட்டார்கள். வகுப்பில் மற்றப் பிள்ளைகள் அதைக் காட்டிக் கேலி செய்ய, பள்ளிக்கே போகமாட்டேன் என்று அழுதான். அவன் தாய் அதற்குப் பிறகு யார் அழைத்தும் எந்தக் கூடைக்கும் வரவில்லை. அந்த வீட்டுக்கு இன்றைக்கும் நான் இருட்டியபிறகுதான் போய்வருகிறேன். இனி எந்தப் பிள்ளையின் முகத்தையும் யாருக்கும் அனுப்பமாட்டேன் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

2021 ஜூன் கடைசியில் நாடு முழுவதும் வெள்ளைக் கொடி பறந்தது நினைவிருக்கிறதா? நடமாட்டக் கட்டுப்பாட்டில் வேலையிழந்தவர்கள், சாப்பாட்டுக்கு வழியில்லை என்றால் வீட்டு முன்னால் வெள்ளைத் துணி கட்டுங்கள், அக்கம்பக்கத்தார் வருவார்கள் என்று சொன்ன இயக்கம். இனம் பார்க்காமல் மக்கள் ஓடி ஓடி உதவினார்கள். நம் தாமான் குடியிருப்பிலும் கட்டினார்கள். கட்டாத வீடுகள்தான் என் தூக்கத்தைக் கெடுத்தன. மானத்துக்கு அஞ்சிக் கதவைச் சாத்திக்கொண்ட வீடுகள் எவை என்று பக்கத்து வீட்டுப் பெண்களுக்குத்தான் தெரியும். அப்படித் தெரிந்த நாங்கள் சிலர் சேர்ந்து, கோயில் மண்டபத்தை ஒட்டிய அறையில் தொடங்கியதுதான் இந்த அலமாரி. வாசலில் பெயர்ப்பலகை வைக்கவில்லை. வருகிறவர்கள் உள்ளே வந்து வேண்டியதைத் தாங்களே எடுத்துக்கொள்கிறார்கள். மலாய்க்கார அக்கா ஒருத்தியும் இரண்டு சீனக் குடும்பங்களும் வழக்கமாக வருகிறார்கள். அறைக்கு வரவே கூசுகிறவர்களுக்கு ஒரு துண்டுச்சீட்டு கொடுக்கிறோம். பெரிய சாலையில் இருக்கும் சீன மளிகைக்கடையில் அதைக் கொடுத்துப் பொருள் வாங்கலாம். மற்ற வாடிக்கையாளருக்குப் போடுவதுபோலவே பையில் போட்டு, நன்றி சொல்லி அனுப்புகிறார் அந்த மனிதர். மாதக் கடைசியில் எங்களிடம் கணக்குத் தீர்த்துக்கொள்கிறார்.

உன் பாட்டி சொன்ன ஒரு கதையை உனக்கு நான் முழுதாகச் சொன்னதில்லை. 1948 ஜூன் 16 அன்று நம் ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், வெள்ளைக்கார அரசாங்கம் அவசரகாலத்தை அறிவித்தது. அந்த அரசாங்கத்தை எதிர்த்துக் காட்டிலிருந்து போரிட்ட கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்ச் சேரக்கூடாது என்று 1951இல் உணவுக் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்வேலி, வாசலில் சோதனை. பால் வெட்டப் போகிறவர்கள் மதியச் சோற்றைக்கூட வேலிக்கு வெளியே கொண்டுபோகக்கூடாது. டின் உணவு வாங்கினால் கடைக்காரர் அதில் துளை போட்டுத்தான் கொடுக்கவேண்டும், சேர்த்துவைக்க முடியாதபடி. பாட்டி அப்போது பதினைந்து பதினாறு வயதுப் பெண். விடியுமுன் வாசலில் வரிசையில் நிற்கவைத்து, தூக்குவாளியைத் திறந்து பார்த்து, உடம்பைத் தடவிச் சோதித்து அனுப்புவார்கள் என்று சொல்லும்போது, எழுபது வயதிலும் அவர் குரல் நடுங்கும். சோற்றுக்காக வரிசையில் நிறுத்திப் பெயர் எழுதுவது எங்கள் வயதுக்காரர்களுக்கு ஏன் ஆகாது என்று உன் கம்பெனிக்காரர்களுக்கு எடுத்துச் சொல்.

மாதாமாதம் சிறு தொகை என்றால் அவர்களுக்கு அற்பமாகத் தோன்றலாம். நம் ஊரில் பிறந்து அமைச்சரான துன் சம்பந்தனை நினைத்துக்கொள். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்றுக்கொண்டிருந்த காலத்தில், 1960இல், தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களிடம் தவணையாகப் பங்குப்பணம் திரட்டினார். பால் வெட்டிய கூலியில் கிள்ளிக் கொடுத்த அந்தப் பணத்தில்தான் தோட்டங்களை வாங்கினார்கள். உன் தாத்தாவும் கொடுத்தார். பெரிய பணக்காரர் ஒருவர் ஒரே நாளில் கொடுத்த நன்கொடையில் அது நடக்கவில்லை.

இனி என்ன அனுப்பலாம் என்பதைச் சொல்கிறேன். இதைத்தான் நீ கவனமாகக் குறித்துக்கொள்ள வேண்டும். லாரி வாடகை கொடுத்து, எல்லை தாண்டி, சுங்கச் சோதனைக்கு நின்று பொருளைக் கொண்டுவருவதைவிடப் பணமாக அனுப்பினால் இங்கே அதிகம் வாங்கலாம். அரசாங்கக் கட்டுப்பாட்டு விலையில் உள்ளூர் வெள்ளரிசி 10 கிலோ 26 வெள்ளி. 2023இல் இறக்குமதி அரிசி விலை ஏறியபோது அந்த உள்ளூர் அரிசி கடைகளில் கண்ணிலேயே படாமல் போனது. அதனால் கிடைக்கிறபோது வாங்கிவைக்கக் கையில் பணம் இருக்கவேண்டும். 14 கிலோ கேஸ் சிலிண்டரின் விலையும் ஏறத்தாழ அதே 26 வெள்ளிதான். இதை யாரும் நினைப்பதில்லை. ஒருநாள் இளம் தாய் ஒருத்தி அலமாரி முன்னால் தயங்கி நின்றாள். என்ன வேண்டும் என்று கேட்டேன். “அரிசி வீட்டில் இருக்கிறது ஆன்ட்டி, கேஸ்தான் முடிந்துவிட்டது” என்றாள். இரண்டு நாளாகப் பிள்ளைகளுக்குப் பிஸ்கட்டைத் தண்ணீரில் நனைத்துக் கொடுத்திருக்கிறாள். அன்றிலிருந்து கேஸுக்கென்று ஒரு தொகையைத் தனியாக எடுத்துவைக்கிறோம். எந்தக் கம்பெனியும் கேஸுக்கு நன்கொடை தருவதில்லை, உங்கள் கம்பெனி முதலாவதாக இருக்கட்டும்.

பொருளாகத்தான் கொடுப்போம் என்று அவர்கள் நின்றால், மைசூர்ப் பருப்பு, கோதுமை மாவு, மீஹூன் என்கிற அரிசிச் சேமியா, நெத்திலி, டின் மத்தி, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், குழந்தைப் பால்மாவு, பெண்களுக்கான மாதவிலக்குப் பஞ்சு. எண்ணெய் போத்தலாக இருக்கட்டும். பாக்கெட் எண்ணெய் மூட்டைக்குள் உடைந்து அரிசியையும் கெடுத்துவிடுகிறது. கெட்டிப்பாலும் சீனியும் சர்க்கரைப் பானமும் வேண்டாம். நம் இனத்தில் இனிப்புநீர் (நீரிழிவு) நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்று உனக்குத் தெரியும். அந்த நோயால் கால் எடுக்கப்பட்டவர்கள் வீட்டுக்கும் அதே கூடைதான் போகிறது. டின் உணவில் ஹலால் முத்திரை இருக்கவேண்டும், மாட்டிறைச்சி இருக்கக்கூடாது, எல்லாரும் எடுத்துக்கொள்ள வசதியாக. காலாவதித் தேதிக்கு இன்னும் மூன்று மாதமாவது இருக்கட்டும். வீட்டில் வேண்டாமென்று ஒதுக்கியதைக் கழிக்கும் இடமாக எங்கள் அலமாரியை யாரும் நினைக்கக்கூடாது.

யாருக்காவது உடம்புக்கு வந்தால் வழக்காகுமோ என்று உன் மேலாளர் கேட்டதாக எழுதியிருந்தாய். இங்கே 2020ஆம் ஆண்டின் உணவு நன்கொடையாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பாதுகாப்பான உணவை நல்லெண்ணத்தோடு, கவனமாகக் கொடுத்தவரை அது சிவில் வழக்கிலிருந்து காக்கிறது. அந்தச் சட்டத்தைக் காட்டித்தான் நானும் இரவுச் சந்தைக் காய்கறிக்காரர்களிடம் பேசினேன். இப்போது சந்தை முடிகிற நேரத்தில் விற்காத கீரையையும் முட்டைக்கோசையும் அவர்களே எடுத்துவைக்கிறார்கள். நாட்டில் நாளொன்றுக்குச் சுமார் 17,000 டன் உணவு குப்பைக்குப் போவதாகவும், அதில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு இன்னும் சாப்பிடக்கூடிய நிலையில் இருப்பதாகவும் திடக்கழிவு நிர்வாகத்தார் சொல்லியிருக்கிறார்கள். சந்தையின் பின்பக்கம் போய் நின்று பார்த்த எனக்கு அதை நம்புவதில் சிரமமில்லை.

ஆகவே லாரிக்கு ஒதுக்கிய பணத்தை ஆறு பங்காக்கி, டிசம்பர் முதல் மே வரை மாதம் ஒன்றாக அனுப்பச் சொல். பணம் கோயில் நிர்வாகத்தின் கணக்கில் வரட்டும், என் கணக்கில் வேண்டாம். அவர்கள் சரி என்றால் தீபாவளிக்கு முன்னாலேயே எனக்குத் தெரிவி. மளிகைக்கடைக்காரரிடம் மொத்த விலை பேசிவைக்கவேண்டும். ஒத்துவராவிட்டால் நீ வருத்தப்படாதே. நீயும் மாப்பிள்ளையும் உங்களால் இயன்றதை அந்த மாதங்களில் அனுப்புங்கள், போதும்.

பொங்கலுக்கு வரும்போது ஒரு சனிக்கிழமை மாலை என்னோடு அலமாரிக்கு வா. இங்கே உள்ள தராசு சரியான எடை காட்டுவதில்லை. பருப்பைப் பிரித்துப் போடுவதற்குப் பத்துக் கிலோ நிறுக்கக்கூடிய நல்ல தராசு ஒன்று வாங்கி வா.

அன்புடன்,
அம்மா