320×240 என்று விற்கப்பட்ட 160×120 தெர்மல் கேமரா: முழுத் தொகையையும் திருப்பித் தரக் கோரி

அனுப்புநர்
கட்டட ஆய்வுப் பொறியாளர் (சுயதொழில்),
வேளச்சேரி, சென்னை.

பெறுநர்
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: கேட்டலாக்கில் சொன்ன சென்சார் கருவியில் இல்லாதது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

உங்கள் சென்னைக் கிளையில் ஜிஎஸ்டி உட்பட 1,65,000 ரூபாய் கொடுத்து ஒரு கையடக்கத் தெர்மல் கேமரா (மேற்பரப்பின் வெப்பத்தைப் படமாகக் காட்டும் கருவி) வாங்கினேன். அதை எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். ‘சர்வீஸ் சென்டருக்கு அனுப்புங்கள், பார்க்கிறோம்’ என்ற பதிலை ஏற்கெனவே கேட்டாகிவிட்டது. கருவியில் பழுது ஏதும் இல்லை. நீங்கள் விற்பதாகச் சொன்ன கருவி வேறு, பெட்டியில் வந்தது வேறு.

வாங்கும் முன்பே என் தேவையை மின்னஞ்சலில் தெளிவாக எழுதியிருந்தேன். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஓதமும் நீர்க்கசிவும் எங்கிருந்து வருகின்றன என்று கண்டுபிடிப்பது என் வேலை. கூடவே டிபி பாக்ஸில் (மின் பகிர்வுப் பெட்டியில்) சூடாகும் இணைப்புகளையும் பார்ப்பேன். சென்சார் 320×240 புள்ளிகளுக்குக் குறையக்கூடாது, வெப்ப உணர்திறன், அதாவது கருவி பிரித்துக் காட்டும் மிகச் சிறிய வெப்ப வித்தியாசம், 50 மில்லிகெல்வினுக்குள் (ஒரு டிகிரியின் ஆயிரத்தில் 50 பங்குக்குள்) இருக்க வேண்டும் என்று குறிப்பிட்டே கேட்டேன். ‘இரண்டுமே இருக்கு சார், கட்டட வேலைக்கு இது தாராளம்’ என்று உங்கள் விற்பனைப் பிரதிநிதி பதில் எழுதி, கேட்டலாக்கையும் இணைத்திருந்தார். அதில் ‘ஐஆர் ரெசல்யூஷன் 320×240’ என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது.

முதல் நாளிலிருந்தே படம் உறுத்தியது. ஜன்னல் ஓரமும் பீம் ஓரமும் கூர்மையாகத் தெரிந்தன. ஆனால் அந்தக் கூர்மை, பக்கத்திலிருக்கும் சாதாரண கேமராவின் கோடுகளை வெப்பப்படத்தின் மேல் ஒட்டியதால் வந்தது. அந்த வசதியை அணைத்தால் உருகிய மெழுகுபோல் ஒரு கறைதான் மிச்சம். சந்தேகம் தீர உங்கள் மென்பொருளே உதவியது. ஒரு படத்தின் வெப்பநிலை அளவுகளை எக்செல் கோப்பாக எடுத்துப் பார்த்தேன். 160 பத்தி, 120 வரிசை, அதற்குமேல் ஓர் எண்கூட இல்லை. 76,800 புள்ளிகளில் அளக்கும் என்று விற்ற கருவி 19,200 புள்ளிகளில்தான் அளக்கிறது. மீதியை, பக்கத்துப் புள்ளிகளை வைத்து மென்பொருள் இட்டு நிரப்புகிறது. பெட்டிக்குள் இருந்த கையேட்டின் கடைசிப் பக்கத்திலும் ‘டிடெக்டர் 160×120, உணர்திறன் 70 மில்லிகெல்வினுக்குள்’ என்று பொடி எழுத்தில் இருக்கிறது. பணம் கட்டிப் பெட்டியை உடைத்த பிறகுதான் அது வாங்குகிறவர் கண்ணில் படும்.

இதைச் சொன்னபோது உங்கள் சேவைப் பிரிவிலிருந்து வந்த பதில்: ‘திரையில் காட்டும் படம் 320×240 தான், எனவே கேட்டலாக்கில் தவறில்லை.’ அப்படியானால் இதே படத்தை என் வீட்டு டிவியில் போட்டுக்காட்டி, ஃபோர்-கே தெர்மல் கேமரா என்று நானும் விற்கலாம்.

இந்த எண் எனக்கு ஏன் முக்கியம் என்று சொல்கிறேன். உங்கள் லென்ஸின் கிடைமட்டப் பார்வைக்கோணம் 50 டிகிரி. அதை 160 ஆகப் பிரித்தால் ஒரு புள்ளிக்கு ஏறக்குறைய 5.5 மில்லிரேடியன், அதாவது ஒரு மீட்டர் தூரத்தில் 5.5 மில்லிமீட்டர் அகலம். நான் தரையில் நின்று, பன்னிரண்டு மீட்டர் தள்ளியிருக்கும் மேல்தளச் சுவரைப் பார்க்கும்போது ஒரு புள்ளி ஆறரை சென்டிமீட்டர் அகலச் சுவரை மூடுகிறது. வெப்பநிலையை நம்பிப் படிக்க மூன்றுக்கு மூன்று புள்ளிகளாவது வேண்டும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. அப்படிப் பார்த்தால் இருபது சென்டிமீட்டருக்குக் குறைந்த எதையும் இந்தக் கேமராவால் சரியாக அளக்க முடியாது. மழைநீர்க் குழாயின் குறுக்களவு 110 மில்லிமீட்டர். நான் கேட்ட 320×240 சென்சாராக இருந்திருந்தால் எல்லை பத்து சென்டிமீட்டராகியிருக்கும், அதைவிடப் பெரிய குழாயை அளந்திருக்கலாம்.

இதைச் சுவரில் வைத்தே பார்த்தேன். ஸ்டில்ட்டும் நான்கு தளமுமான ஒரு குடியிருப்பில், மேல்தளத்துப் படுக்கையறைச் சுவர் ஊறிப்போய்ப் பூச்சு உப்பியிருந்தது. மேற்குப் பார்த்த சுவர். மழைவிட்டு நன்றாக வெயில் காய்ந்த நாளில், பொழுது சாய்ந்த பிறகு போனேன். பகலெல்லாம் வாங்கிய சூட்டை உலர்ந்த பகுதி சீக்கிரம் விட்டுவிடும், நனைந்த பகுதி பிடித்துவைத்திருக்கும், அந்த நேரத்தில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். உங்கள் கேமராவோடு, வாடகைக்கு எடுத்த நிஜமான 320×240 கேமராவையும் அதே இடத்தில் நின்று பிடித்தேன். உங்களுடையதில் ஒரே பெரிய திட்டு. வாடகைக் கேமராவில் இரண்டு தனித்தனிச் சங்கதிகள்: கான்கிரீட் பீமும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் ஒரு மெல்லிய கிடைக்கோடு, அதற்குக் கீழே, குளியலறைக் குழாய் வெளியே வரும் இடத்தில் ஒரு சின்ன வட்டம். ஈரமானியை வைத்துப் பார்த்ததில் இரண்டு இடமுமே ஈரம்.

கோட்டுக்கு வைத்தியம் இணைப்பைக் கொத்திச் சீலன்ட் அடைப்பது. வட்டத்துக்கு வைத்தியம் பிளம்பர். உங்கள் படத்தை மட்டும் நம்பி அறிக்கை கொடுத்திருந்தால் குடியிருப்போர் சங்கம் முழுச் சுவருக்கும் சாரம் கட்டி வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடித்திருக்கும். அடுத்த மழையில் குழாய் வழியாக மறுபடியும் ஊறியிருக்கும். யாரைக் கேட்பார்கள்? உங்களை அல்ல, என்னைத்தான்.

உணர்திறன் விஷயத்திலும் இதே கதை. உங்கள் கேட்டலாக்கில் பனி மூடிய கூரையும், சூடு ஒழுகும் ஜன்னலுமாகப் படங்கள் இருக்கின்றன. உள்ளே ஹீட்டர், வெளியே உறைபனி என்று இருக்கும் ஊர்களில் சுவரின் இரு பக்கத்துக்கும் பத்து டிகிரி வித்தியாசம் தானாகவே கிடைக்கும். சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மழையில், ஏசி இல்லாத அறையில், உள்ளும் புறமும் கிட்டத்தட்ட ஒரே சூடு. காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் சுவரின் தண்ணீர் ஆவியாகிக் குளிர்வதும் குறைவு. உலர்ந்த இடத்துக்கும் ஓதமடித்த இடத்துக்கும் அரை டிகிரிகூட வித்தியாசம் இருக்காது. அங்கே 50 மில்லிகெல்வினுக்கும் 70-க்கும் உள்ள இடைவெளி பெரிது; ஓதத்தின் ஓரம் படத்தின் இரைச்சலில் (தாறுமாறான புள்ளிகளில்) கரைந்துபோகிறது. குளிர்நாட்டில் ஒப்பேற்றிவிடக்கூடிய கருவி இங்கே பல்லிளிக்கும்.

டிபி பாக்ஸில் விஷயம் இன்னும் ஆபத்தானது. ஒரு மீட்டர் தூரத்தில் மூன்று புள்ளிகள் என்றால் ஒன்றரை சென்டிமீட்டருக்கும் மேல். தளர்ந்த ஸ்க்ரூ முனை அதைவிடச் சின்னது. அதன் சூடு சுற்றியுள்ள பிளாஸ்டிக்கின் சூட்டோடு கலந்து சராசரியாகி, உண்மையைவிடக் குறைத்தே காட்டும்.

எல்லாவற்றையும் குறை சொல்ல வரவில்லை. வினாடிக்கு 9 படம் மட்டுமே வருவது பற்றி எனக்குப் புகார் இல்லை; அது ஏற்றுமதிக் கட்டுப்பாடுகளால் வந்த எல்லை, சுவரும் எங்கும் ஓடிவிடப் போவதில்லை. கூட்டியோ குறைத்தோ 2 டிகிரி துல்லியம் என்பதும் இந்த வகைக் கருவிகளில் வழக்கமானதுதான். பேட்டரி நன்றாகவே நிற்கிறது.

ஆனால் கேட்டலாக்கின் அட்டையை மட்டும் விட முடியவில்லை. ‘சுவருக்குள் இருப்பதைக் காட்டும்’ என்ற வாசகமும், மூடிய கண்ணாடி ஜன்னலுக்கு அப்பால் நிற்கும் ஆள் சிவப்பாகத் தெரியும் படமும் இருக்கின்றன. தெர்மல் கேமரா பார்ப்பது மேற்பரப்பிலிருந்து வரும், 8 முதல் 14 மைக்ரான் அலைநீளமுள்ள அகச்சிவப்புக் கதிரை. ஜன்னல் கண்ணாடி அந்த அலைநீளத்தை ஊடுருவ விடாது. அந்த ஆள் தெரியவே மாட்டார். இதைப் பார்த்துவிட்டு வருகிற வீட்டுக்காரர்கள் என்னிடம் எக்ஸ்ரே எதிர்பார்க்கிறார்கள்.

பில் என் தொழில் பெயரில் இருப்பதால் நான் ‘நுகர்வோர்’ ஆகமாட்டேன் என்று உங்கள் கிளை மேலாளர் தொலைபேசியில் சொன்னார். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(7)-இன் விளக்கத்தை அவருக்குக் காட்டுங்கள். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்தும் பொருள் ‘வணிக நோக்கம்’ என்பதில் வராது. எனக்கு ஊழியர்கள் கிடையாது; ஏணி தூக்குவதும் நான்தான். இல்லாத தரத்தை இருப்பதாகச் சொல்லி விற்பது அதே சட்டத்தின் பிரிவு 2(47)-இன்படி முறையற்ற வணிக நடைமுறை.

கேமராவின் முழு விலையையும், ஒப்பீட்டுக்கு எடுத்த கேமராவின் வாடகையையும் இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் என் வங்கிக் கணக்கில் செலுத்துங்கள். கேமராவை எடுத்துச்செல்ல உங்கள் ஆள் வரட்டும். கூரியர் செலவை நான் ஏற்க மாட்டேன். இதற்குப் பதிலாக வேறு மாடல் தருவதாக இருந்தால், டிடெக்டரின் அளவையும் உணர்திறனையும் உங்கள் லெட்டர்ஹெட்டில் கையெழுத்தோடு எழுதித் தந்த பிறகே பேசுவேன். கேட்டலாக்கிலும் சென்சாரின் அளவைத் தனியாகவும், மென்பொருள் பெருக்கிய அளவைத் தனியாகவும் அச்சிடுங்கள். காலக்கெடுவுக்குள் பணமோ பதிலோ வராவிட்டால் 1915 உதவி எண்ணில் புகாரைப் பதிந்துவிட்டு, சென்னையிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன்.

இப்படிக்கு,
(கையொப்பம்)

இணைப்பு: பில் நகல், உங்கள் பிரதிநிதியின் மின்னஞ்சல், கேட்டலாக்கின் பக்கமும் கையேட்டின் கடைசிப் பக்கமும், வெப்பநிலை எக்செல் கோப்பு, ஒரே சுவரில் இரண்டு கேமராக்களிலும் எடுத்த படங்கள், வாடகை ரசீது.