கடிகார முள்ளில் தொங்கியவர்

அன்பு மகளுக்கு,

மௌனப்பட நகைச்சுவை நடிகர் ஹெரால்டு லாய்டின் 'சேஃப்டி லாஸ்ட்' (1923) படம் பார்க்கப் போகிறாய் என்றதும் மனசு நிறைந்துவிட்டது. ஓட்டிவிட்டு, உயரமான கட்டடத்தின் கடிகார முள்ளில் அவர் தொங்கும் காட்சிக்குத் தாவிவிடாதே, கண்ணு. பெரிய கடை ஒன்றின் விளம்பரத்துக்காகக் கட்டடம் ஏற வேண்டியவன் நாயகனின் நண்பன். போலீஸ்காரர் துரத்துவதால், 'இன்னும் ஒரு மாடி மட்டும் ஏறு, நான் வந்துடறேன்' என்று தனக்குப் பதிலாக ஏறும் நாயகனிடம் சொல்லிச் சொல்லியே அவன் ஓடிக்கொண்டிருக்கிறான். இந்த ஏமாற்றம் தெரிந்தால்தான் புறாவும், மேலே வந்து விழும் வலையும், கால்சட்டைக்குள் புகும் எலியும் வயிற்றைக் கலக்கும்.

லாய்டு கட்டடம் ஏறுவது நிஜமா, கேமரா வித்தையா என்று கேட்டிருந்தாய். இரண்டும்தான். லாஸ் ஏஞ்சல்ஸ் நகர மையத்தில் நிஜக் கட்டடங்களின் மொட்டைமாடியில் சுவர் செட் போட்டார்கள். மொட்டைமாடித் தரை மறைந்து கீழே தெரு மட்டும் தெரியும்படி, சாரம் கட்டிக் கேமராவை உயரத்தில் வைத்தார்கள். அவர் ஏற ஏற, செட்டும் இன்னும் உயரமான கட்டடத்துக்குப் போனது. அதனால் திரையின் அடிப்பகுதியைக் கவனி: டிராமும் கார்களும் சிறுத்துக்கொண்டே போகும். அந்தத் தெருவை யாரும் பிறகு ஒட்டவில்லை.

செட்டுக்குக் கீழே மெத்தை விரித்த மேடை இருந்தது. சோதனைக்கு ஒரு பொம்மையைப் போட்டுப் பார்த்தார்கள். அது மெத்தையில் எகிறித் தெருவிலேயே போய் விழுந்தது! வித்தை என்று ஒதுக்கிவிட முடியாதது இதனால்தான். தூரக் காட்சிகளில் நிஜச் சுவரில் ஏறுபவர் பில் ஸ்ட்ரோதர். அவர் கட்டடம் ஏறியதைப் பார்த்துத்தான் லாய்டுக்கு இந்தப் படமே தோன்றியது. நண்பனாக நடித்தவரும் அவரே. சில இடங்களில் ஹார்வி பாரி என்ற சண்டைக் கலைஞரும் உண்டு.

லாய்டின் வலது கையை உற்றுப் பார். 1919-இல் புகைப்படம் எடுக்கையில், பொய்க்குண்டு என்று நினைத்துப் பிடித்தது வெடித்து, அந்தக் கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போய்விட்டன. படத்தில் தெரிவது செயற்கை விரல்கள் வைத்த கையுறை. முள்ளைப் பற்றும்போது அந்தக் கையில் பிடி கொடுப்பவை மிச்சமிருந்த மூன்று விரல்கள்தான். இது தெரிந்து பார்க்கையில் எனக்கு அவர்மேல் மரியாதை இன்னும் கூடுகிறது.

2019-இல் அமெரிக்காவில் பதிப்புரிமை முடிந்ததால் மங்கலான பிரதிகளும் உலவுகின்றன. கார்ல் டேவிஸ் இசையோடு சீர்செய்த பிரதியைத் தேடி எடு. ஓட்ட வேகம் தவறினால் ஆட்கள் துள்ளித் துள்ளி நடப்பார்கள். கை வழுக்கும் அந்த ஒரு நொடித் தயக்கம் கண்ணில் படாமலே போய்விடும்.

அன்புடன்,
அப்பா