கணினி அறைத் திருப்பணி நிறைவு அறிக்கை

சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

ஏற்காடு மலையில் நாம் படித்த பள்ளியின் கணினி அறைத் திருப்பணி நல்லபடியாக முடிந்தது. அறைச் சாவியைத் தலைமையாசிரியர் முன்னிலையில் பள்ளி மேலாண்மைக் குழுவிடம் ஒப்படைத்துவிட்டோம். வரவு செலவுக் கணக்கு ரசீதுகளோடு பள்ளி அலுவலகத்தில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், கேள்வி கேட்கலாம். வசூலான பணத்தில் பெரும்பகுதி கம்ப்யூட்டருக்குப் போகாமல் ஆசிரியர் பயிற்சிக்குப் போயிருப்பதை அதில் காண்பீர்கள். அதற்கான காரணத்தைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

முதலில் கட்டட வேலை. மலை ஏறி வரும் எந்த மின்சாதனத்துக்கும் இங்கே ஈரமும் இடியும்தான் எதிரி. ஏப்ரல், மே மாதக் கோடை மழையில் இடி இறங்கினால் கரண்ட் லைன் வழியாக மட்டும் அல்ல, நெட்வொர்க் கேபிள் வழியாகவும் மின்னழுத்தம் பாய்ந்து கருவிகளைக் கருக்கிவிடும். ஆகவே, பாயும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கிவிடும் எர்த்திங்கில் கை வைக்காமல் வேறு எதையும் தொடக்கூடாது என்று முடிவெடுத்தோம். கீழே சமவெளியில் ஒரு குழாயை இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடினால் பெரும்பாலும் போதும். சேர்வராயன் மலையில் கொஞ்சம் தோண்டினாலே சார்னோக்கைட் என்ற கடினப் பாறை தட்டும், குழாய் ஆழமாக இறங்காது. தண்ணீர்த் தொட்டி வழிகிற மூலையில் மட்டும் மண் ஆழமாகவும் ஈரமாகவும் இருந்தது. அங்கே இரண்டு குழி எடுத்து, இரண்டையும் செம்புப் பட்டையால் இணைத்தோம். எலக்ட்ரீஷியன் மீட்டர் வைத்து அளந்து சரி என்று சொன்ன பிறகே வயரிங் தொடங்கியது. மழையில்லாத பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அந்தக் குழிகளுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். இதைப் பள்ளியின் வேலைப் பட்டியலில் எழுதி வைத்திருக்கிறோம்.

ஈரத்துக்கு மருந்து எளிது: அறையைப் பூட்டி வைக்கக்கூடாது. பத்திரமாக இருக்கட்டும் என்று மாதக்கணக்கில் அணைத்து வைத்த கம்ப்யூட்டரில்தான் பூஞ்சை பிடிக்கிறது. தினமும் ஓடுகிற கம்ப்யூட்டர் தன் சூட்டிலேயே உலர்ந்துகொள்ளும். இருந்த பழைய கம்ப்யூட்டர்களையே திறந்து, துடைத்து, வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டியும் கூடுதல் ராம் நினைவகமும் போட்டு, லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றினோம். பைத்தான் என்னும் நிரல் மொழியைக் கற்க இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. மலையில் நெட் எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்ல முடியாது. அதனால் பைத்தான் கையேடுகளையும், நெட் இல்லாமலே படிக்க உதவும் கிவிக்ஸ் மென்பொருள் மூலம் தமிழ் விக்கிப்பீடியாவையும் உள்ளேயே ஏற்றிவிட்டோம்.

இனி ஆசிரியர்கள். 2018-ல் பதினொன்றாம் வகுப்புக்கும், அதற்கு அடுத்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புக்கும் புதிய பாடத்திட்டம் வந்தது. கணினி அறிவியலில் இப்போது பதினொன்றில் சி++ நிரல் மொழி, பன்னிரண்டில் பைத்தானும் மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருளும். பாடநூல் நன்றாகவே இருக்கிறது. அல்காரிதம் (ஒரு வேலையைப் படிப்படியாகச் செய்யும் வழிமுறை), தரவு வகை, செயல்திறன் என்று கல்லூரியில் வரும் விஷயங்களை எல்லாம் பிள்ளைகளுக்கு நம்பிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அதை நடத்தும் பலர் பாடத்திட்டத்தில் பைத்தான் இல்லாத காலத்தில் படித்துப் பட்டம் வாங்கியவர்கள். ஓரிரு நாள் பயிற்சியோடு வகுப்புக்குள் போய் நிற்க வேண்டியிருக்கிறது. பொதுத்தேர்வில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 மதிப்பெண். அந்தச் செய்முறை நிரல்களும் மனப்பாடமாகிவிட்டன. பயிற்சிக்கு வந்த ஓர் ஆசிரியை சொன்னார்: “பசங்க புரோகிராமை அட்சரம் பிசகாம எழுதிடுவாங்க சார். கேள்வியில ஒரு எண்ணை மாத்தினா கை நின்னுடும்.”

இது நம் மலைக்கு மட்டும் உள்ள சிக்கல் இல்லை. இங்கிலாந்தில் 2014-ல் கணினியியலைப் பள்ளிப் பாடமாகக் கொண்டுவந்தார்கள். ஆசிரியர் பயிற்சி போதவில்லை என்று 2017-ல் பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டி அறிக்கை வெளியிட்டது. அதே ஆண்டு அந்த அரசு 8.4 கோடி பவுண்டு ஒதுக்க முன்வந்தது. பாடத்தை மாற்றியவர்களுக்கே அப்புறம்தான் ஆசிரியர் நினைவு வந்தது.

நம் உறுப்பினர்களில் பெங்களூரிலும் சென்னையிலும் மென்பொருள் வேலையில் இருப்பவர்கள், பிள்ளைகளுக்கு நேரடியாக வகுப்பெடுக்கிறோம் என்று ஆர்வத்தோடு வந்தார்கள். அவர்களை ஆசிரியர்களுக்குத் துணையாக இருக்கும்படி கேட்டுக்கொண்டோம். விருந்தினர் இரண்டு சனிக்கிழமை வந்துவிட்டுப் போவார், ஆசிரியர் ஆண்டுதோறும் அதே பாடத்தோடு நிற்பார். மலைப்பள்ளிகளில் இருந்தும், சேலத்தில் இருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறியும் ஆசிரியர்கள் வந்தார்கள். பேருந்துச் செலவும் மதியச் சாப்பாடும் சங்கத்துடையது. அமர்வு நடக்கும்போது மாணவர் யாரையும் உள்ளே விடவில்லை. பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தால், தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எந்த ஆசிரியருக்கும் தயக்கம் வரும்.

ஓர் அமர்வைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம். பெரும் பணத்தை எங்கே போட்டோம் என்பது அதில் தெரியும். நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகப் பேராசிரியர் டிம் பெல்லும் அவர் கூட்டாளிகளும் கம்ப்யூட்டரே இல்லாமல் கணினியியல் கற்பிக்கும் ‘அன்பிளக்டு’ முறையை உருவாக்கினார்கள். அதன்படி எட்டு டப்பாக்களில் வெவ்வேறு எடைக்கு மிளகு போட்டு மூடி, ஒரு தராசை வைத்தோம். ஒரு தடவைக்கு இரண்டு டப்பாவைத்தான் ஒப்பிடலாம். எட்டையும் எடை வரிசையில் அடுக்க வேண்டும். எல்லாரும் இருப்பதிலேயே லேசானதை முதலில் தேடி எடுத்து வைத்தார்கள், அப்புறம் மீதியில் லேசானதை. அது பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் உள்ள செலக்‌ஷன் சார்ட் என்னும் வரிசைப்படுத்தும் முறைதான். ஏழு, ஆறு, ஐந்து என்று கூட்டினால் 28 ஒப்பீடு. பிறகு இரண்டிரண்டாக அடுக்கி, அவற்றை நான்காக இணைத்து, நான்கை எட்டாக இணைக்கச் சொன்னோம். 17 ஒப்பீட்டைத் தாண்டவே இல்லை. தாண்டவும் முடியாது. டப்பா 16 ஆனால்? முதல் முறைக்கு 120, இரண்டாவதற்கு அதிகபட்சம் 49. ஆயிரம் ஆனால் 4,99,500-க்கு எதிராக 9,000-க்குள். தரவு கூடக் கூட ஒரு வழிமுறையின் வேலை எப்படிக் கூடும் என்று சொல்லும் பிக்-ஓ பாடத்தைப் பல வருடமாக நடத்தி வரும் ஒருவர், கரும்பலகையில் இந்த எண்களைத் தானே போட்டுப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமையே வகுப்பில் செய்யப்போவதாகத் தராசை இரவல் கேட்டார். கொடுத்தனுப்பினோம்.

இன்னொரு பழக்கமும் ஊன்றப்பட்டது. நிரலில் பிழை வந்தால் உடனே ஆசிரியரைக் கூப்பிடாமல், திரையில் வரும் பிழைச் செய்தியின் கடைசி வரியை மாணவரே வாசிக்க வேண்டும். நேம் எரர், டைப் எரர், இன்டென்டேஷன் எரர் என்று அடிக்கடி வருபவற்றுக்கு, எது தவறியிருக்கும், முதலில் எங்கே பார்க்க வேண்டும் என்று தமிழில் எழுதி அறைச் சுவரில் மாட்டியிருக்கிறோம். வாசகங்களை ஆசிரியர்களே எழுதினார்கள்.

பத்தாம் வகுப்புக்கு ஒரு வார்த்தை. அறிவியல் பாடநூலின் கடைசிப் பாடத்தில், கட்டளைக் கட்டைகளைத் திரையில் இணைத்து நிரல் எழுதும் ஸ்கிராட்ச் வருகிறது. கடைசிப் பாடம் என்பதால் தேர்வு நெருக்கத்தில் வாசித்துவிட்டுக் கடந்துவிடுகிறார்கள். இனி அதை ஜூலையிலேயே கணினி அறையில் நடத்தப் பள்ளி ஒப்புக்கொண்டிருக்கிறது. கேரள உயர்நிலைப் பள்ளிகளில் 2018 முதல் நடந்துவரும் ‘லிட்டில் கைட்ஸ்’ மன்றங்களைப் பார்த்து, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு கணினி மன்றமும் தொடங்கியாயிற்று. காபிப் பழம் பறிக்கும் காலத்தில், நவம்பர் தொடங்கித் தை வரை, வீட்டாரோடு தோட்டத்துக்குப் போகிற பிள்ளைகள் உண்டு. அவர்கள் விட்ட பாடத்தைப் பிடிக்கப் பள்ளி முடிந்தபின் ஒரு மணி நேரம் அறை திறந்திருக்கும்.

பெயர் பொறித்த நுழைவு வளைவு கட்டலாமே என்று சில உறுப்பினர்கள் கேட்டிருந்தார்கள். அந்த ஆசையில் தவறில்லை. ஆனால் இருக்கிற பணத்துக்கு இதுவே முந்த வேண்டியது என்று குழு ஒருமனதாக நினைத்தது, இப்போதும் நினைக்கிறது. உபயதாரர் பெயர்கள் அனைத்தும் அறைக்குள் ஒரே பலகையில், தொகை குறிப்பிடாமல், அகர வரிசையில் உள்ளன.

மீதித் தொகையைத் தனிக் கணக்கில் போட்டிருக்கிறோம். யுபிஎஸ் பேட்டரி நாலைந்து வருடம்தான் உழைக்கும். அதை மாற்றவும், ஆசிரியர் அமர்வுகளைத் தொடரவும் மட்டுமே அந்தப் பணம். வேறு எதற்கும் எடுப்பதானால் பொதுக்குழு ஒப்புதல் வேண்டும். மைஎஸ்க்யூஎல் அமர்வுக்கு இன்னும் ஆள் அமையவில்லை. தரவுத்தளத்தில் வேலை செய்யும் உறுப்பினர்கள், ஒரு சனிக்கிழமை மலைக்கு வர முடிந்தால், செயலாளரிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு