கீழ்மட்டக் கரும்பலகையை விட்டுவிடுங்கள்

தொடக்கப் பள்ளி வகுப்பறைகளின் சீரமைப்பைத் திட்டமிடும் அதிகாரிகளுக்கும், அந்த வேலையை மேற்பார்வையிடும் பொறியாளர்களுக்கும் வணக்கம்.

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது, சீரமைப்பு முடிந்த வகுப்பறைகளுக்குள் பிள்ளைகள் நுழைந்தார்கள். தரை புதிது, மின்விசிறி புதிது, ஜன்னல் கதவு ஒழுங்காக மூடுகிறது. இவற்றுக்கு மனதார நன்றி சொல்கிறோம். ஆனால் தரையிலிருந்து நான்கடி உயரத்துக்குச் சுவர் முழுக்கப் பளபளப்பான டைல்ஸ் ஒட்டப்பட்டிருக்கிறது. பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் மூன்று சுவரையும் சுற்றி ஓடிய கீழ்மட்டக் கரும்பலகை அதற்குள் மறைந்துவிட்டது. டைல்ஸ் ஒட்டாத அறைகளில் அதே இடத்தில் யானையும் முயலும் ரயிலும் எனாமல் பெயின்ட்டில் வரையப்பட்டிருக்கின்றன. எஸ்டிமேட்டில் அது ‘உட்சுவர் வேலை’ என்ற ஒரு வரி. பாடம் நடத்துபவர்களுக்கு அது 24 பிள்ளைகளின் எழுதும் இடம்.

எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று: சுவரைப் புதுப்பியுங்கள், கீழ்மட்டக் கரும்பலகையை மட்டும் விட்டுவிடுங்கள்.

அது எப்படி வந்தது என்பது உங்களுக்குத் தெரியும். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் பிள்ளைகள் தாமே செய்து படிக்கும் செயல்வழிக் கற்றல் தொடங்கியபோது, படிக்கும் வரிசையைக் காட்டும் ஏணிப்படி, அட்டைகள், தட்டுகள், பிள்ளைகளின் படைப்புகளைத் தொங்கவிடும் கம்பிப்பந்தல், ஆரோக்கியச் சக்கரம் இவற்றோடு சேர்ந்து வந்தது. சில ஆண்டுகளில் மாநிலம் முழுக்கப் பரவியது. அட்டைகள் கிழிந்தன, ஏணிப்படி மாறியது, கம்பிப்பந்தலின் கம்பி துருப்பிடித்தது. 2022-இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்து, கற்றல் நிலையைப் பொறுத்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரித்துப் பார்க்கச் சொன்னது. இத்தனை மாற்றத்திலும் எல்லாத் திட்டத்துக்கும் உழைத்தது அந்தக் கறுப்புச் சுவர்தான். அதற்குக் கையேடு தேவைப்படவில்லை, கடவுச்சொல் தேவைப்படவில்லை.

அதில் என்ன நடக்கிறது என்று சொல்கிறோம். வேலை எடுத்த ஒப்பந்ததாரருக்கு இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இரண்டாம் வகுப்பில் சொல்வதை எழுதுதல். ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டடி அகலம். இடத்துக்கு மேலே 1 முதல் 24 வரை எண். ஆசிரியர் ‘பாரம்’ என்று இரண்டு முறை சொல்கிறார். பிள்ளைகள் சுவரைப் பார்த்துத் திரும்பி எழுதுகிறார்கள், எழுதியதும் ஒரு எட்டு பக்கவாட்டில் தள்ளி நிற்கிறார்கள். அறையின் நடுவில் நின்று ஒரு சுற்றுத் திரும்பினால் 24 விடையும் கண்ணில் படும். ஆறு பேர் ‘பரரம்’ என்று எழுதியிருப்பார்கள். துணைக்காலையும் ரகரத்தையும் இன்னும் பிரித்துப் பார்க்காத பிள்ளைகள் இவர்கள். யார் யார் என்பது அந்த நொடியே தெரிகிறது, பத்தே நிமிடத்தில் அந்த ஆறு பேரை மட்டும் ஒரு பக்கம் கூட்டி உட்கார வைக்க முடிகிறது. நோட்டில் எழுத வைத்தால்? ஒரு நோட்டுக்கு இரண்டு நிமிடம் என்றாலும் 48 நிமிடம் போகும். பிழை பிள்ளைக்குத் தெரிவது மறுநாள். அதற்குள் அந்தச் சொல்லே மறந்திருக்கும்.

பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து எழுதுவார்களே என்று கேட்கலாம். எழுதுவார்கள். அதற்கு வழி எளிது: ஒற்றைப்படை எண்ணில் நிற்பவர்களுக்கு ஒரு சொல், இரட்டைப்படைக்கு வேறு சொல்.

இன்னொன்று நோட்டில் தெரியவே தெரியாது: கை போகும் திசை. ‘கே’ எழுதும்போது பல பிள்ளைகள் முதலில் ககரத்தை எழுதிவிட்டு, பிறகு இடப்பக்கம் வந்து கொம்பைச் சொருகுவார்கள். காதில் முதலில் விழுவது ககரம் என்பதால் அப்படி எழுதுகிறார்கள். நோட்டில் முடிந்த எழுத்தைப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கும், கொம்பு கொஞ்சம் நெருங்கியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் அதே பழக்கம் மூன்றாம் வகுப்பு வரை நீடித்தால், ‘கோ’, ‘மேளம்’, ‘தொட்டில்’ என்று வேகமாக எழுத வேண்டிய இடத்தில் கை திக்கும். நின்றுகொண்டு, தோளிலிருந்து கையை அசைத்து, பெரிய எழுத்தாகச் சுவரில் எழுதும்போதுதான் இது ஆசிரியர் கண்ணில் படுகிறது. ழகரமும் ணகரமும் இகரமும் எங்கே தொடங்கி எந்தப் பக்கம் சுழிகிறது என்பதும் அப்படித்தான்.

கணக்கில் இன்னும் தெளிவு. 42-இல் 17 போக மீதி எவ்வளவு என்று கேட்டால் சிலர் 35 என்று எழுதுவார்கள். இரண்டிலிருந்து ஏழு போகாது என்பதால் ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிடுகிறார்கள். கவனக்குறைவு என்று திட்ட இதில் இடமில்லை. ஒரு பத்தைப் பிரிக்கலாம் என்பது அவர்களுக்கு இன்னும் எட்டவில்லை. அப்படி எழுதியவர்களுக்கு ஈர்க்குச்சிக் கட்டு: பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்ட நான்கு கட்டு, உதிரி இரண்டு. பதினேழு குச்சி எடு என்றதும், ஒரு கட்டை அவிழ்க்காமல் முடியாது என்பதைக் கையே கண்டுபிடிக்கிறது. அவிழ்த்ததும் சுவரில் 4-ஐ அடித்து 3, பக்கத்தில் 12. குச்சியும் சுவரும் ஒரே எட்டுத் தூரத்தில் இருப்பதால்தான் இது நடக்கிறது. குச்சியை எண்ணிவிட்டுப் பையில் நோட்டைத் தேடும் இடைவெளியில் பாதிப் பிள்ளைகளுக்கு நூல் அறுந்துவிடும்.

தவறாக எழுதினால் கையால் துடைத்தால் போயிற்று. பயந்த பிள்ளைகள் முதலில் எழுதத் துணிவது அங்கேதான். பெற்றோர் பார்க்கும் நோட்டில் சிவப்பு மையோடு நிற்கும் பிழைக்கும், தானே அழித்துத் திருத்திய பிழைக்கும் உள்ள வேறுபாட்டை முதல் வகுப்பு எடுத்தவர்கள் அறிவார்கள்.

பெரிய மின்திரை பொருத்திய திறன்மிகு வகுப்பறைகள் 22,000-க்கும் மேல் வந்திருப்பது மகிழ்ச்சியே. பூ விரிவதையும் நிலா தேய்வதையும் அந்தத் திரையில்தான் காட்ட வேண்டும். ஆனால் அதில் ஒரு நேரத்தில் எழுதக்கூடியது ஒரு பிள்ளை. ஆளுக்கு ஒரு நிமிடம் என்றால் 24 நிமிடம். ஒருவர் எழுத 23 பேர் வேடிக்கை பார்க்க வேண்டும். திரை எதிர்ச்சுவரில் இருக்கட்டும். அதற்காக மற்ற மூன்று சுவரும் ஊமையாக வேண்டியதில்லை.

எல்லாரும் ஒரே நேரத்தில் எழுதி அழிப்பது நம் ஊருக்குப் புதிதும் அல்ல. திண்ணைப் பள்ளியில் மணலைப் பரப்பி விரலால் எழுதினார்கள். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், நம் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு தன் பள்ளியிலும் அதைக் கொண்டுவந்தார். 1797-இல் லண்டனில் அதைப் பற்றி எழுதி அச்சிட்டார். பிள்ளைகளே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் அவருடைய முறை, மணல் எழுத்தையும் சேர்த்துக்கொண்டு, ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரிலேயே இங்கிலாந்தில் பரவியது. சென்னையின் பெயரில் உலகம் கற்றுக்கொண்டதை நாமே டைல்ஸ் ஒட்டி மூடுவது வருத்தமாக இருக்கிறது.

டைல்ஸுக்குச் சொல்லப்பட்ட காரணம் ஓதம். கீழ்ச்சுவரில் ஈரம் ஏறி, கரும்பலகை செதில் செதிலாக உரிந்து அசிங்கமாக இருந்தது உண்மை. ஆனால் டைல்ஸ் ஓதத்தைத் தீர்க்காது, மறைக்கும். ஈரம் டைல்ஸுக்குப் பின்னால் ஏறி நான்கடிக்கு மேலே வெளியே வரும். இரண்டு மழைக்காலம் கழித்துப் பாருங்கள். கூரைத் தண்ணீர் சுவர் ஓரத்திலேயே விழாமல் தள்ளிவிட்டு, வெளிப்பக்கத் தரையைச் சரிவாக்கி, ஈரம் ஊறிய பழைய பூச்சைச் செங்கல் தெரியும்வரை கொத்தி எடுத்துவிட்டு, நன்றாகக் காய்ந்த பிறகு புதிதாகப் பூச வேண்டும். அந்தப் பூச்சின் மேல் கரும்பலகை நிற்கும்.

ஏற்கெனவே டைல்ஸ் ஒட்டிய அறைகளை உடைக்கச் சொல்லவில்லை. டைல்ஸ் மேல் நேரடியாகப் பெயின்ட் அடிக்காதீர்கள்; வழவழப்பில் பிடிக்காமல் தோல்போல் உரியும். எட்டுக்கு நான்கடி சிமென்ட் ஃபைபர் போர்டு மூன்று போதும். ஒவ்வொன்றையும் நீளவாக்கில் இரண்டாக அறுத்தால் எட்டுக்கு இரண்டடியில் ஆறு துண்டு, மொத்தம் 48 அடி, 24 பிள்ளைகளுக்கு இடம். பிளைவுட் வேண்டாம், ஈரத்தில் உப்பும், கரையான் விடாது. பின்னால் ரீப்பர் என்ற மெல்லிய மரச்சட்டம் வைத்து, டைல்ஸை அதற்கான துளைமுனையால் துளைத்து, திருகின் தலை வெளியே நீட்டாமல் முடுக்க வேண்டும். விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து மழுக்காவிட்டால் பிள்ளைகளின் கை கிழியும். அடிவிளிம்பு தரையிலிருந்து ஓரடி உயரத்தில் இருக்கட்டும். முதல் வகுப்புப் பிள்ளை உட்கார்ந்தும் எழுதலாம், நின்றும் எழுதலாம்.

மேலே ஒரு பூச்சு பிரைமர், இரண்டு பூச்சு கரும்பலகைப் பெயின்ட். கறுப்பு எனாமல் அடித்துக் கணக்குக் காட்ட வேண்டாம். எனாமலில் சாக்பீஸ் வழுக்கும், ஜன்னல் வெளிச்சம் பட்டால் எழுத்தே தெரியாது. காய்ந்த பிறகு சாக்பீஸைப் படுக்கவைத்துப் பலகை முழுவதும் தேய்த்து ஒருமுறை துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதலில் எழுதியது அழியாமல் நிழலாக நிற்கும். ஒரு துண்டில் மட்டும் வெள்ளைப் பெயின்ட்டில் இரண்டு அங்குல இடைவெளியில் கோலப்புள்ளி வைத்துத் தந்தால் கோலம், வடிவம், பெருக்கல் கட்டம் மூன்றுக்கும் ஆகும்.

சாக்பீஸ் தூசு பற்றிய கவலை நியாயமானது. பழைய வேட்டித் துணியை நனைத்துப் பிழிந்து ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தால் தூசு பறக்காது. ஒரு பிள்ளைக்கு நாளுக்கு அரை சாக்பீஸ் என்று வைத்தால், 220 பள்ளி நாளுக்கு 24 பேருக்கு 2,640. முப்பது பிள்ளைகள் வரை படிக்கும் பள்ளிக்கு ஆண்டு மானியமே 10,000 ரூபாய்தான். அதில் துடைப்பம், குழாய் ரிப்பேர், சாக்பீஸ் எல்லாம் அடக்கம். பலகைச் செலவையும் அந்தத் தலையில் கட்டிவிடாதீர்கள்.

பொறுமையாகத்தான் எழுத நினைத்தோம். ஆனால் வகுப்பறை என்றாலே வந்து பார்ப்பவர் கண்ணுக்கு அழகாக இருக்க வேண்டிய இடம் என்று எப்போது ஆனது? ஆறு வயதுப் பிள்ளையின் உயரம் நான்கடிகூட இல்லை. சார்ட் எல்லாம் ஏழடியில் தொங்குகின்றன. தெர்மாகோல் மாதிரிகளைத் தொட்டால் உடையும் என்று அலமாரியில் பூட்டி வைக்கிறோம், பார்வை நாளில் எடுத்து அடுக்குகிறோம். புகைப்படம் எடுத்து அனுப்பச் சொல்லும் நேரத்தில், அந்தப் பொருளைப் பிள்ளை கையில் கொடுத்தீர்களா என்று யாரும் கேட்பதில்லை. ஒரு திட்டம் போய் அடுத்தது வரும்போது எது உழைத்தது, எது உழைக்கவில்லை என்று பாடம் நடத்துபவரிடம் ஒரு வார்த்தை கேட்கப்படுவதில்லை. சுவரை மூடும் முன்னாவது கேட்டிருக்கலாம்.

கோபமாக ஒலித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்க வந்தது அதே ஒன்றுதான். இன்னும் வேலை தொடங்காத பள்ளிகளின் எஸ்டிமேட்டில் ‘கீழ்மட்டக் கரும்பலகை நீங்கலாக’ என்று மூன்று சொல் சேர்த்துவிடுங்கள். வேலை முடிந்த அறைகளுக்கு அந்த மூன்று போர்டையும் அரையாண்டு விடுமுறைக்குள் பொருத்திக் கொடுங்கள். எந்த உயரத்தில் வைப்பது என்று அளந்து காட்ட, பொறியாளர் வரும் நாளில் பிள்ளைகளோடு காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
தொடக்க வகுப்பு ஆசிரியர்கள்