மாற்றாத செப்பரேட்டரை மாற்றியதாக எழுதிய சர்வீஸ் ரிப்போர்ட்

அனுப்புநர்:
நவீன அரிசி ஆலை உரிமையாளர்,
புதுவயல், காரைக்குடி வட்டம், சிவகங்கை மாவட்டம்.

பெறுநர்:
சர்வீஸ் மேலாளர் அவர்கள்,
ஏர் கம்ப்ரசர் பிரிவு, மதுரைக் கிளை.

பொருள்: ஆலைக்கு அழுத்தக் காற்று தரும் எங்கள் 20 எச்.பி. ஸ்க்ரூ கம்ப்ரசருக்கு, 8,000 மணி நேரம் ஓடியபின் செய்ய வேண்டிய சர்வீஸை முழுதாகச் செய்யாமலே செய்ததாக ரிப்போர்ட் கொடுத்தது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மூன்று வருஷமாக எங்கள் ஆலையில் உங்கள் கம்ப்ரசர்தான் ஓடுகிறது. வாங்கிய நாளிலிருந்து பராமரிப்பு ஒப்பந்தமும் உங்களிடமே. ஒப்பந்தப் பணத்தை ஒரு தடவைகூடத் தள்ளிப் போட்டதில்லை. சின்னக் குறைகள் வந்தபோது போனில் சொல்லி முடித்துக்கொண்டோம். இந்தத் தடவை அப்படி முடிக்க மனம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

போன வெள்ளிக்கிழமை மத்தியானம், கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த நேரத்தில், கம்ப்ரசர் 110 டிகிரி காட்டி நின்றுபோனது. ஆறவிட்டுப் போட்டோம், நாற்பது நிமிஷத்தில் மறுபடியும் நின்றது. அதே நேரத்தில், நிறம் பார்த்துக் கெட்ட அரிசியைப் பிரிக்கும் சார்டெக்ஸ் மெஷினில் இருந்து வரும் அரிசியில் கருப்பு அரிசி கலந்து விழுவதாக ஆப்பரேட்டர் தம்பி ஓடி வந்து சொன்னான். சார்டெக்ஸுக்குப் போகும் ஏர் லைனில் இருக்கும் கண்ணாடிக் கிண்ணத்தைக் கழற்றிப் பார்த்தேன். அடியில் காபி மாதிரி ஒரு கலங்கல். விரலில் தொட்டால் வழவழ என்று எண்ணெய். ஒரு வெள்ளைத் தாளை லைன் வாய்க்கு நேரே பிடித்து வால்வைத் திறந்தேன். இரண்டே நொடியில் தாளில் எட்டணா அளவுக்கு மஞ்சள் வட்டம் விழுந்தது. அந்தத் தாளை எடுத்து வைத்திருக்கிறேன், வருகிறவர் பார்க்கலாம்.

உங்களுக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் சொல்கிறேன். சார்டெக்ஸில் கேமரா கண்டுபிடித்த கெட்ட அரிசியைக் காற்றுதான் தட்டிவிடுகிறது. அந்தக் காற்றை ஊதும் ஒவ்வொரு எஜெக்டர் வால்வும் கண் இமைக்கும் நேரத்துக்குள் திறந்து மூட வேண்டும். அந்த எஜெக்டருக்குள் எண்ணெயும் தண்ணீரும் போனால் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் கருப்பு உள்ளே விழும், நல்லது வெளியே போகும். நெல்லை ஊறவைத்து, அவித்து, காயவைத்து, அரைத்து, பாலிஷ் போட்டு இத்தனை பேர் பட்ட பாடு கடைசிப் படியில் ஒரு சொட்டு எண்ணெயில் வீணாகிறது. அதுவும் இது நாலு பேர் சாப்பிடுகிற பொருள். எண்ணெய்க் காற்று பட்டிருக்குமோ என்ற சந்தேகத்துக்காகவே அன்று ஓடிய 62 மூட்டையையும் விற்பனைக்கு அனுப்பாமல் ஓரமாக அடுக்கி வைத்துவிட்டேன். முந்தின நாள் போன சரக்கில் 40 மூட்டையை, கருப்பு இருக்கிறது என்று தேவகோட்டை வியாபாரி திருப்பி அனுப்பிவிட்டார். அவர் என் அப்பா காலத்திலிருந்து எங்களிடம் வாங்குகிறவர்.

சனிக்கிழமை காலையில் உங்கள் கிளைக்குப் போன் செய்து, அனுமதி கேட்டுவிட்டுத்தான் கம்ப்ரசரின் பேனலைக் கழற்றினோம். நாங்கள் தொட்டால் ஒப்பந்தம் செல்லாது என்று உங்கள் ஆட்கள் சொல்லியிருந்ததால் இத்தனை நாள் அதில் கை வைத்ததே இல்லை. உள்ளே, காற்றிலிருந்து எண்ணெயைப் பிரித்து நிறுத்தும் செப்பரேட்டரின் டப்பா மேல் கருப்பு மார்க்கரில் "4,010" என்று எழுதியிருந்தது. ஐயா, அது என் கையெழுத்து.

4,000 மணி நேர சர்வீஸுக்கு உங்களிடமிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். "மாட்டின நேரத்தை இதிலேயே எழுதிடுங்கண்ணே, அடுத்து வர்றவனுக்கு உதவும்" என்று மார்க்கரை என் கையில் கொடுத்தவர் அவர்தான். ஸ்க்ரூடிரைவர் நுனியை பேரிங் பக்கம் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திச் சத்தம் கேட்பார். எண்ணெய் திரும்பி வரும் சின்னக் குழாயின் கண்ணாடியில் ஓட்டம் தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பார். அந்தக் குழாய் அடைத்தால் எண்ணெய் காற்றோடு போய்விடும் என்று எங்கள் தம்பிக்குச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன்.

மாசிக் கடைசியில் வேறு ஒருவர் வந்தார். ஒன்றே கால் மணி நேரம் இருந்தார். ரிப்போர்ட்டில் ஹவர் மீட்டர் 8,012. ஏர் ஃபில்டர், ஆயில் ஃபில்டர், செப்பரேட்டர், ஆயில் நான்கும் மாற்றப்பட்டன. சூட்டைத் தணிக்கும் கூலர் சுத்தம் செய்யப்பட்டது. பிரஷர் மீறினால் காற்றை வெளியே விடும் சேஃப்டி வால்வு சரிபார்க்கப்பட்டது. எல்லாவற்றுக்கும் டிக். மாற்றும் பாகங்கள் அடங்கிய கிட்டுக்கு ரூ. 38,500 தனியாக பில் போட்டு வாங்கினீர்கள். ஆயில் ஃபில்டரும் ஏர் ஃபில்டரும் புதிதுதான், அதை மறுக்கவில்லை. செப்பரேட்டர் பழையது. கூலரை நாங்களே காற்றடித்தபோது, உமித்தூசி எண்ணெயில் ஊறி அடை மாதிரித் தகடு தகடாக உதிர்ந்தது. இரண்டு மாதத்தில் அவ்வளவு கனம் சேராது. 110 டிகிரி ஏன் காட்டியது என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

சித்திரையில் பிரஷர் குறைகிறது என்று போன் செய்தபோது, வந்து பார்க்காமலே "செட்டிங்கை ஏழு பாரிலிருந்து எட்டரை பாருக்கு ஏத்திடுங்க, சரியாயிடும்" என்று உங்கள் பக்கத்தில் ஒருவர் சொன்னார். நாங்களும் நம்பி ஏற்றினோம். செப்பரேட்டர் அடைத்தால் அதற்கு முன்னும் பின்னும் பிரஷர் வித்தியாசம் கூடும். ஒரு பார் அளவுக்கு வந்தால் மாற்றியே ஆக வேண்டும். அப்போது கேட்டிருக்க வேண்டிய கேள்வி அந்த வித்தியாசம் எவ்வளவு என்பதுதான். அதைக் கேட்காமல் ஏற்றச் சொன்னதில், ஒரு பாருக்கு ஏழு சதவீதம் வீதம் கரண்ட் பில்லில் கம்ப்ரசர் பங்கு பத்து சதவீதம் கூடியது. அடைத்த செப்பரேட்டரும் அப்படியே ஓடி, கடைசியில் எண்ணெயைத் தடுக்க முடியாமல் விட்டுவிட்டது.

எனக்கு அதிகமாக உறுத்துவது சேஃப்டி வால்வுதான். அந்த வால்வை யாராவது தூக்கிப் பார்த்திருந்தால் ஆலை முழுக்கச் சத்தம் கேட்டிருக்கும். அன்று யாரும் கேட்கவில்லை. ஏர் டேங்கிலிருந்து பத்தடி தள்ளிப் பெண்கள் உட்கார்ந்து தவிடு மூட்டை தைக்கிறார்கள். அந்த இடத்தில் பொய்யாக ஒரு டிக் போட ஒருவருக்கு எப்படிக் கை வந்தது?

திங்கட்கிழமை உங்கள் அலுவலகத்தில் பேசியபோது, "உங்க இடம் தூசியான இடம், அதான் இப்படி" என்றார்கள். ஐயா, புதுவயலில் தெருவுக்குத் தெரு அரிசி ஆலை. இங்கே தூசி இருக்கும் என்று விற்கும்போதே தெரிந்துதானே விற்றீர்கள்? கம்ப்ரசருக்குத் தனி அறை கட்டச் சொன்னீர்கள், கட்டினோம். சூடான காற்று வெளியேற டக்ட் போடச் சொன்னீர்கள், போட்டோம். தூசி அதிகமான இடத்தில் ஃபில்டர், கூலர் வேலைகளைக் குறித்த மணி நேரத்துக்கு முன்பே செய்ய வேண்டும் என்று உங்கள் கையேட்டிலேயே இருக்கிறது. எங்கள் வேலையை நாங்கள் விடவில்லை. இந்த வெயிலில் ஒரு நாளைக்கு ஒரு குடம் தண்ணீர் டேங்கிலிருந்து வடிகிறது. தண்ணீரைத் தானாக வடிக்கும் ஆட்டோ ட்ரெயின் வால்வு இருந்தும், காலையும் மாலையும் தம்பி கையாலும் திறந்து பார்க்கிறான். காற்றின் ஈரத்தை எடுக்கும் ஏர் ட்ரையர் மூன்று டிகிரியில் நிற்கிறதா, ஆயில் மட்டம், வெப்பம், பிரஷர், ஹவர் மீட்டர் எல்லாவற்றையும் பிள்ளையார் சுழி போட்ட ஒரு நோட்டில் தினமும் எழுதுகிறோம். பேரேடும் ஐந்தொகையும் எழுதிய அப்பாவிடம் படித்த பழக்கம். எழுதிய கணக்குக்கும் இருக்கிற சரக்கிற்கும் வித்தியாசம் வந்தால், அது தெரியும் வரைக்கும் அவர் சாப்பிட உட்கார மாட்டார். உங்கள் ரிப்போர்ட்டும் ஒரு கணக்குதான். அதை நம்பித்தான் பேனலைத் திறக்காமல் இருந்தேன்.

இப்போது நான் கேட்பது இதுதான். முதலில் புது செப்பரேட்டர், உங்கள் செலவில், இந்த வாரத்திலேயே. எண்ணெயையும் முழுக்க வடித்துப் புதிதாக ஊற்ற வேண்டும். மாசியில் ஊற்றியது பெயர் ஒட்டாத டப்பாவிலிருந்து என்று தம்பி சொல்கிறான், என்ன எண்ணெய் என்று எனக்குத் தெரிய வேண்டும். லைனும் டேங்கும் ட்ரையரும் எண்ணெய் போகச் சுத்தமாக வேண்டும். சார்டெக்ஸில் 11 எஜெக்டர் மாற்ற ஆன செலவையும், போடாத செப்பரேட்டருக்கு வாங்கிய பணத்தையும் திருப்பித் தர வேண்டும். எஜெக்டர் பில்லின் நகல், செப்பரேட்டர் போட்டோ, உங்கள் ரிப்போர்ட், எங்கள் நோட்டின் அந்த மாதப் பக்கங்கள் எல்லாம் இதோடு வைத்திருக்கிறேன். திரும்பி வந்த 40 மூட்டைக்கும் தேங்கிய 62 மூட்டைக்கும் என்ன செய்யலாம் என்பதை நேரில் பேசுவோம். அதில் நான் பிடிவாதம் பிடிக்கவில்லை.

மாசியில் வந்த பையனை வேலையை விட்டு நிறுத்தச் சொல்லி நான் இதை எழுதவில்லை. அன்று அவன் வண்டியில் கிட் முழுசாக இருந்ததா, ஒரே நாளில் எத்தனை ஊர் போகச் சொன்னீர்கள் என்பதையும் விசாரியுங்கள். முடிந்தால் அந்தப் பெரியவரோடு நாலு நாள் அனுப்பி வையுங்கள்.

இனிமேல் வருகிறவர் என் முன்னால் பேனலைத் திறக்க வேண்டும். கழற்றிய பழைய பாகங்களை இங்கேயே வைத்துவிட்டுப் போகட்டும். சேஃப்டி வால்வை நான் கேட்கும்படி ஒரு தடவை ஊதவிட வேண்டும். அப்புறம் அவர் கையாலேயே செப்பரேட்டர் மேல் மணி நேரத்தை எழுதட்டும், மார்க்கர் நான் தருகிறேன்.

வரும் புதன்கிழமைக்குள் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன். அதுவரை பக்கத்து ஆலையிலிருந்து வாடகைக்கு எடுத்த கம்ப்ரசரில் ஓட்டுகிறோம். அதன் வாடகையும் நாள் கணக்கில் ஏறிக்கொண்டிருக்கிறது.

இப்படிக்கு,
ஆலை உரிமையாளர்,
புதுவயல்.