ஞாயிறு மாலையில் ஒரு திருப்பலி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு திருப்பலிக்கு (பூசைக்கு) வராத கத்தோலிக்க இளைஞர்களுக்குக் கோயில் பற்று குறைந்துவிட்டது என்று சென்ற இதழில் ஒரு வாசகர் வருத்தப்பட்டு எழுதியிருந்தார். அக்கறையோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் ஞாயிறு காலையில் எங்களில் பலர் எங்கே இருக்கிறோம் என்பதை அவர் ராமேஸ்வரம் தீவுக்கு வந்து பார்க்க வேண்டும்.

இங்கே விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகின்றன. சனிக்கிழமை போன படகு கரைக்கு வருவது ஞாயிறு காலையில். இறால், நண்டு, கணவாய் எல்லாவற்றையும் உடனே தரம் பிரித்து, எடை போட்டு, ஐஸ் கொட்டி வண்டியில் ஏற்றியாக வேண்டும். நான் ஓர் இறால் கம்பெனியில் எடைக் கணக்கு எழுதுகிறேன். ஐஸ் தண்ணீர் தெறித்து மை கலங்கிவிடும் என்பதால் நோட்டின் மேல் பாலிதீன் கவரை மூடி, எழுதும் வரியை மட்டும் திறந்து வைத்துக்கொள்வேன். பூசைக்கு மணி அடிக்கும்போது அந்த நோட்டு என் கையில் இருக்கும். என்னோடு கோயிலில் மறைக்கல்வி (வேதபாடம்) படித்த பையன்கள் படகிலிருந்து கூடைகளை இறக்கிக்கொண்டிருப்பார்கள்.

இந்தச் சம்பளத்தில்தான் தொலைநிலைக் கல்வியில் பி.காம். படிக்கிறேன். அதன் வகுப்புகளும் சனி, ஞாயிறில்தான். 'ஓய்வு நாளில் வேலை எதற்கு, விட்டுவிடு' என்று சொல்பவர்கள் உண்டு. விட்டால் அடுத்த செமஸ்டருக்குப் பணம் கட்ட முடியாது. ஆஸ்பத்திரி நர்ஸையும் பஸ் டிரைவரையும் யாரும் இப்படிக் கேட்பதில்லையே.

எங்கள் பங்கில், அதாவது எங்கள் கோயிலைச் சேர்ந்த சமூகத்தில், தொடர்ந்து பூசைக்கு வராதவர்களின் பெயரைப் பாடகர் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். மறைக்கல்வி ஆசிரியர் பட்டியலிலும் அப்படியே. படிப்பும் வேலையும் வந்ததும் சாமியை மறந்துவிட்டார்கள் என்று கூட்டத்தில் பேச்சு. அது மனதை ரொம்பவே வலிக்கச் செய்தது. எங்களுக்குக் கோயில் வேண்டும் என்பதுதான் உண்மை. கோயில் பாட்டை ஓர் அக்கா வாட்ஸ்அப்பில் பாடி அனுப்புவார். பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டு அதைப் பழகிக்கொண்டு வருகிறவர்கள் நாங்கள்.

அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கிற அன்பியக் கூட்டத்தையே பாருங்கள். இரவு எட்டு மணிக்கு, வாரம் ஒரு வீட்டில் நடக்கிறது. வேலை முடிந்து, குளித்துவிட்டு வந்து உட்கார முடிகிறது. அங்கே இளைஞர்கள் குறைவில்லை. எங்கள் தெருப் பையன் போன படகை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனபோது, அன்பியத்து மாமிமார்தான் தினமும் அவன் அம்மாவோடு ஜெபமாலைக்கு உட்கார்ந்தார்கள். அவன் தங்கைக்குத் தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசி நாள் நெருங்கியதும், ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அவர்களே கட்டினார்கள். அந்தப் பெண் இன்று ஆசிரியர் பயிற்சி படிக்கிறாள். இந்த உறவை விட்டு விலக எங்களுக்கு என்ன பைத்தியமா?

அதனால்தான் கேட்கிறேன், ஞாயிறு மாலை ஆறு மணிக்கு ஒரு திருப்பலி வைத்தால் என்ன? திங்கள் காலை வரை விசைப்படகு கிளம்பாது. வகுப்புக்குப் போனவர்களும் திரும்பிவிடுவார்கள். திருச்சபைச் சட்டம் 1248-இன்படி முந்தின நாள் மாலைத் திருப்பலியே ஞாயிறு கடனுக்கு (ஞாயிறு பூசை காணும் கடமைக்கு)ச் செல்லும் என்னும்போது, அதே நாள் மாலைக்கு என்ன தடை? கிளைக் கோயில்களுக்கும் சேர்த்து ஒரே பங்குச் சாமியார்தான், காலையில் அவர் ஓடுகிற ஓட்டம் எங்களுக்குத் தெரியும். எல்லா வாரமும் முடியாவிட்டால் மாதம் இரண்டு முறையாவது வைக்கட்டும்.

அப்புறம் இளையோர் முகாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகுகள் போகும், ஆனால் எங்களைப் போன்றவர்களுக்கு வேலை பாதிக்கு மேல் குறைந்துவிடும். கையில் காசு இருக்காது, நேரம் இருக்கும். மறைக்கல்வி ஆசிரியர் பயிற்சி, பாடல் பயிற்சி, முகாம் எல்லாவற்றையும் அந்த இரண்டு மாதத்தில் வைக்கலாம். புனித அருளானந்தர் திருத்தலமான ஓரியூருக்கு நடைப்பயணம்கூடப் போகலாம். தேர்வுத் தேதியை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொண்டால் போதும். இப்போது முகாம் வருவதோ படகுத்தொழில் மும்முரமாக இருக்கும் மாதத்தில்.

யோவான் நற்செய்தி 21-ஆம் அதிகாரத்தில், இரவெல்லாம் வலை வீசிவிட்டு வருகிறவர்களுக்காக இயேசு கரையிலேயே காத்திருக்கிறார். கரி நெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்துச் சாப்பிடக் கூப்பிடுகிறார். கடல் தொழில் செய்கிற ஊரில் இதை நாங்கள் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

தொண்டி, மூக்கையூர், மண்டபம் பக்கம் ஏதாவது ஒரு பங்கில் ஏற்கெனவே ஞாயிறு மாலைத் திருப்பலி நடக்கிறதென்றால், அதை எப்படி ஏற்பாடு செய்தார்கள், எத்தனை பேர் வருகிறார்கள் என்று அங்குள்ளவர்கள் இந்த வாசகர் கடிதப் பகுதிக்கு எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்துக்கு அந்தக் கடிதத்தைக் கொண்டுபோவேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ராமேஸ்வரம் தீவு